டொபித் தாளில் எரியும் முட்செடி

மோசே ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு முட்செடி தீப்பற்றி எரிகிறது, ஆனால் கருகவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு குரல் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஞாயிறு பாடசாலைக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த காட்சி. இதை வானொலி நாடகமாக்க உட்காருபவர்கள், குழுவிலேயே தடித்த குரல் யாருக்கு என்று பார்த்து, கடவுளின் வசனத்தை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவரும் அடிவயிற்றிலிருந்து பேசுவார். இலங்கை மலையகத்தின் வட்டவளையில், தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒரு காம்பராவில், அலுமாரிக்கு மேல் இருக்கும் பெட்டரி ரேடியோவில் அந்தக் குரல் கனத்து ஒலிக்கும். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள்.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். தடித்த ஆண்குரலின் அடிநாதம் நொடிக்கு 90, 100 அதிர்வுகள். அதாவது ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸ். சின்ன ரேடியோவில் இருக்கும் ஒலிபெருக்கியின் குறுக்களவு மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். அந்தச் சிறிய காகிதக் கூம்பால் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே காற்றைப் பெரிதாக அசைக்க முடியாது. அளவிடும் கருவியை அந்த அறையில் கொண்டுபோய் வைத்தால், 100 ஹேர்ட்ஸ் இருக்கவேண்டிய இடம் ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும். ஆக, கடவுளின் குரலில் எதைக் கனம் என்று எல்லோரும் கேட்டார்களோ, அது அந்தக் காம்பராவின் காற்றிலேயே இல்லை.

ஆனாலும் கேட்டது. மனிதக் குரல் ஒற்றை அதிர்வாக வருவதில்லை. 100 ஹேர்ட்ஸ் அடிநாதத்தோடு 200, 300, 400, 500 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன. ஒலிபெருக்கி அடிநாதத்தை விழுங்கிவிட்டாலும் மேலே உள்ள மடங்குகளை ஒழுங்காகத் தந்துவிடுகிறது. அவற்றின் இடைவெளி எல்லா இடத்திலும் 100. இந்த ஒழுங்கைக் கண்ட மூளை, 'இதற்கு அடியில் 100 இருந்தாகவேண்டும்' என்று தானே கணக்குப் போட்டு, இல்லாத அடிநாதத்தைக் கேட்கவைத்துவிடுகிறது. 1840களில் ஜெர்மானியரான ஆகுஸ்ட் சீபெக் ஒரு சைரனை வைத்துக்கொண்டு கவனித்த விஷயம் இது. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பியதில்லை. ஆனாலும் மறுமுனையில் பேசிய அப்பா அப்பாவாகத்தான் கேட்டார், பெண்குரலில் பேசவில்லை.

வானொலி நாடகம் என்ற கலை முழுக்கவும் இந்த மாதிரியான நிரப்பலில்தான் ஓடுகிறது என்பது என் எண்ணம். அனுப்பப்படுவது கொஞ்சம், கேட்பது நிறைய. இடைவெளியை நிரப்புகிறவர் கேட்பவர். கிறிஸ்தவக் குடும்ப நாடகங்கள், அதிலும் பழங்காலத்துக் கதைகளும் பாட்டும் கலந்து வரும் நாடகங்கள், இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. அந்த நாடகங்களைச் செய்தவர்களில் பலருக்கு இதன் அறிவியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. கையில் காசு குறைவு என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

முட்செடிக்கே வருவோம். ஒலிப்பதிவுக் கூடத்தில் செடியை எரிக்க முடியாது. எரித்தாலும் பயனில்லை, நிஜ நெருப்பை ஒலிவாங்கியில் பிடித்தால் பெரும்பாலும் வெறும் 'உஸ்' என்ற காற்றுச் சத்தம்தான் கிடைக்கும். ஆகவே டொபி சுற்றிவரும் கண்ணாடித்தாளை எடுத்து ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் மெதுவாகக் கசக்குவார்கள். கேட்பவருக்கு அது சுள்ளி வெடிக்கும் நெருப்பு. இது வெறும் ஏமாற்றுவித்தை என்று நினைத்தால் தவறு. விறகு எரியும்போது அதன் உள்ளே அடைபட்ட ஈரமும் வாயுவும் சூடேறி, நாரைக் கிழித்துக்கொண்டு திடீர் திடீரென்று வெளியேறுகின்றன. தாள் கசங்கும்போது அதன் மடிப்புகள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் திடீரெனத் தாவுகின்றன. இரண்டிலும் காதுக்கு வருபவை, ஒழுங்கில்லாத நேரங்களில் விழும் சின்னச்சின்ன வெடிப்புகள். 1990களில் சில இயற்பியலாளர்கள் கசங்கும் தாளின் ஒலியை உட்கார்ந்து அளந்தார்கள். சிறு வெடிப்புகள் ஏராளம், நடுத்தரமானவை குறைவு, பெரியவை அபூர்வம். இந்த விகிதம் கணக்குச் சூத்திரத்துக்குள் அடங்கியது. நிலநடுக்கங்களின் பெருமை சிறுமையும் இதே வகையான சூத்திரத்துக்குத்தான் கட்டுப்படுகிறது. டொபித் தாளுக்கும் பூமிக்கும் உறவு இருப்பது, வானொலி நாடகக்காரர்கள் அறியாமல் பயன்படுத்திய உண்மை.

குதிரைக்குச் சிரட்டை, இடிக்குத் தொங்கவிட்ட தகரத்தகடு, மழைக்குத் தட்டில் உருட்டிய பயறு. இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நான் வியப்பது ஒலிகளைவிட எதிரொலிகளைப் பற்றித்தான். பாலைவனத்தில் மோசே பேசும்போது அவர் குரல் எதிலும் பட்டுத் திரும்புவதில்லை. பார்வோனின் அரண்மனைக்குப் போய் அவர் அதே குரலில் பேசினால் கற்சுவர், கல் தூண், கல் தரை எல்லாம் அதைத் திருப்பி அனுப்பும். நேரடியாக வந்த ஒலிக்கும் திரும்பி வந்த ஒலிக்கும் நடுவே உள்ள சில நூறில் ஒரு பங்கு நொடிகளை வைத்தே காது அறையின் அளவைச் சொல்லிவிடும். நடிகர்களைச் சுற்றிக் கம்பளிகளைத் தொங்கவிட்டால் பாலைவனம் தயார். குளியலறைக்குக் கூட்டிப்போனால் அரண்மனை தயார். திரைப்படத்தில் இதே இடமாற்றத்துக்கு எத்தனை தச்சர்கள், எத்தனை லொறிகள்!

அடுத்த அறையில் ஒட்டுக்கேட்பது போன்ற காட்சியும் இப்படித்தான். உயர்ந்த ஒலிகளை வெட்டிவிட்டுத் தாழ்ந்தவற்றை மட்டும் விட்டால், பேச்சு சுவருக்கு அப்பால் போய்விடும். சுவர் செய்வதும் அதுவே. நீண்ட அலைகளை விடும், குறுகியவற்றைத் தடுக்கும். லயத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் இடத்தில், பக்கத்துக் காம்பராவின் சண்டை எப்படி வார்த்தை புரியாமல் சுருதி மட்டும் புரிந்து கேட்கும் என்பது பிறந்த நாள் முதல் பழக்கம். ஒரே ரேடியோவை நாலு வீடுகள் கேட்பதும் உண்டு. ஒரு வீட்டில் அரண்மனை, மறுவீட்டில் அரண்மனைக்கு வெளியே.

இந்த நாடகங்கள் மலைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பது அடுத்த வியப்பு. இலங்கையில் வானொலியே ஒரு வேடிக்கையான பிறவி. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி அமைத்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆகி, அடுத்த ஆண்டு வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. வர்த்தக ஒலிபரப்பு என்றால் நேரத்தைக் காசுக்கு விற்பது. சவர்க்காரக் கம்பனி வாங்கியதுபோலவே கிறிஸ்தவ அமைப்புகளும் நேரம் வாங்கின. 'சத்திய வசனம்' என்ற தமிழ் நிகழ்ச்சி கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடுகளில் பழகிய பெயரானது அப்படித்தான். பின்னர் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு அமைப்பு, உப்பளத்துக்கும் களப்புக்கும் பேர்போன புத்தளத்தில் 882 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையில் 400 கிலோவாட் வலுவோடு ஒலிபரப்பத் தொடங்கியது. அதன் இலக்கு இந்தியா. ஆனால் மத்திய அலைக்கு எல்லை தெரியாது.

882 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் 340 மீட்டர். பண்பலையின் அலைநீளம் மூன்று மீட்டர் அளவு. மலைநாட்டில் இந்த வேறுபாடு பெரிது. குறுகிய அலை ஒரு மலைமுகட்டில் மோதினால் அதன் பின்னே நிழல் விழும். ஒரு வளைவில் பாட்டுக் கேட்கும், அடுத்த வளைவில் இரைச்சல். ஹட்டன் வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் சாரதியின் ரேடியோவில் இதைத் தினமும் கேட்கிறார்கள். 340 மீட்டர் அலையோ முகட்டைத் தழுவிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிவிடும். புத்தளத்திலிருந்து வட்டவளைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அலை கடக்க நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ரேடியோவிலிருந்து வாசல் இஸ்தோப்பில் நிற்பவரின் காதுக்குச் சத்தம் போகத்தான் அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

இரவில் கதை மாறும். தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேறிய காற்றுப்படை ஒன்று பகலெல்லாம் மத்திய அலையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது கலைந்துவிடும். அப்போது அலை இன்னும் மேலே போய், மேற்படைகளில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து விழும். பகலில் அமைதியாக இருந்த இடத்தில் இரவில் தமிழ்நாட்டு நிலையமொன்று எட்டிப் பார்ப்பது இதனால்தான். தரைவழி வந்த அலையும் வான்வழி வந்த அலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் குரல் ஓங்கும், முரண்பட்டால் அமுங்கும். பார்வோன் கட்டளையிடும் நேரத்தில் குரல் தேய்ந்து, மீண்டும் எழும். ரேடியோவை இப்படியும் அப்படியும் திருப்பினால் சரியாவதும் மாயமல்ல. உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தை நேராகப் பார்த்தால் அதற்குக் காது அடைத்துவிடும், பக்கவாட்டில் நின்றால் நன்றாகக் கேட்கும்.

இங்கே ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் தலைக்கு மேலே உள்ள இந்தப் படைகளை ஆராய, பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே ஓர் இடம் இந்திய விஞ்ஞானிகளுக்குத் தேவைப்பட்டது. கேரளத்தின் தும்பா என்ற மீன்பிடிக் கிராமம் பொருந்திவந்தது. அங்கே நின்றது மகதலா மரியாள் தேவாலயம். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களோடு பேசி அதை ஒப்படைத்தார். தேவாலயமே அலுவலகமாக, 1963 நவம்பர் 21இல் முதல் ரொக்கெட் கிளம்பியது. வானொலி நாடகத்தை இரவில் தாங்கிப் பிடிக்கும் வானத்தைப் படிக்க ஒரு கோயில் இடம் விட்டது என்பது, கதை எழுதுகிறவர் கற்பனை செய்தால் 'கொஞ்சம் ஓவர்' என்று நாமே சொல்லியிருப்போம்.

அலை வந்து சேர்ந்தாயிற்று. ஆனால் முழுதாக வரவில்லை. நம் பக்கத்தில் மத்திய அலை நிலையங்களை 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள். 882கூட ஒன்பதின் மடங்குதான். இந்த நெருக்கத்தில் பேச்சின் உயர்ந்த பகுதிகளுக்கு இடமில்லை, ஏறத்தாழ 4500 ஹேர்ட்ஸுக்கு மேல் போனதெல்லாம் வெட்டுப்படும். தமிழுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டமும் ஒரு நட்டமும். ழகரத்தை லகரத்திலிருந்தும் ளகரத்திலிருந்தும் பிரித்துக் காட்டும் குறிப்புகள் பெரும்பாலும் 3000 ஹேர்ட்ஸுக்குள் அடங்குகின்றன, ஆகவே 'மழை' மழையாகவே வந்துவிடும். சீறி வரும் சகரம்தான் சேதப்படும். அதன் வலு பெரும்பாலும் 4000க்கு மேலே. மோசே, இயேசு, ஈசாக்கு என்ற பெயர்களிலெல்லாம் அந்தச் சகரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், வேதாகமக் கதைகளுக்கு மத்திய அலை அவ்வளவு தோதான வாகனமல்ல என்றே தோன்றும்.

இதற்கு மேல் மழை. வட்டவளை இலங்கையில் மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். சென்னைக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 1400. தென்மேற்குப் பருவம் மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறும்போது, குளிர்ந்து, கொண்டுவந்ததையெல்லாம் இங்கேயே கொட்டிவிடுகிறது. அது விழுவது தகரக் கூரையில். அந்தச் சத்தத்தில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். உயிரெழுத்துகள் வலுவானவை, சமாளித்துவிடும். மெய்யெழுத்துகள் குட்டியானவை, மூழ்கிவிடும். சித்திரைப் பக்கத்துப் பிற்பகல்களில் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு மின்னலும் ஒரு வானொலி நிலையம்தான், அதன் அலை மத்திய அலையில் 'கரக்' என்று வெட்டும். இடி கேட்பதற்கு முன்பே ரேடியோ சொல்லிவிடும். வெட்டுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி. அப்போது ரேடியோவை நிறுத்தச் சொல்லிப் பாட்டி சத்தம் போடுவார்.

இத்தனை ஓட்டைகளோடு வரும் கதை எப்படிப் புரிகிறது? 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பதிவுசெய்து, ஒரு சொல்லின் நடுவிலிருந்த சகர ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் ஒருவரால்கூட எது இல்லை என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எல்லா எழுத்தும் கேட்டதாக 19 பேர் அடித்துச் சொன்னார்கள். இருமலும் கேட்டது, எழுத்தும் கேட்டது. ஆனால் வெட்டிய இடத்தை வெறும் மௌனமாக விட்டால் ஓட்டை உடனே தெரிந்துவிடுகிறது. மூளைக்கு ஒரு சாக்கு வேண்டும். 'இங்கே சத்தம் மறைத்துவிட்டது, பின்னால் எழுத்து இருந்திருக்கும்' என்று எண்ண இடம் இருந்தால் அது நிரப்பிவிடும். மறைப்பதற்கே ஒன்றும் இல்லாவிட்டால் நிரப்பாது.

வட்டவளை மழையை இந்தக் கண்ணோடு பாருங்கள். தகரத்தில் விழும் சத்தம் எழுத்துகளைத் தின்கிறது, தின்ற இடங்களைக் காது தைத்துக்கொள்ளவும் அதே சத்தமே இடம் தருகிறது. மிதமான மழைக்குத்தான் இது, அடைமழைக்கு எந்த மூளையாலும் ஈடுகொடுக்க முடியாது. தெரிந்த கதை என்றால் தையல் இன்னும் சுலபம். யோசேப்பின் சகோதரர்கள் அவனைக் குழியில் போட்டுவிட்டு என்ன செய்வார்கள் என்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்குப் பாதிச் சொற்கள் போதும். புதிதாக எழுதிய துப்பறியும் நாடகம் இந்த மழையில் முதல் பத்து நிமிடத்திலேயே செத்துவிடும். பழைய கதைகள் வானொலியில் நிலைத்ததற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், இதுவும் ஒரு காரணம்.

வானொலிக்கும் வேதக் கதைக்கும் உள்ள உறவு வானொலியின் தொட்டிலிலிருந்தே சொல்லப்படுகிறது. 1906 கிறிஸ்மஸுக்கு முதல்நாள் இரவு, அமெரிக்காவின் பிரான்ட் ரொக் என்ற கடற்கரையிலிருந்து ரெஜினல்ட் ஃபெசன்டன் வயலின் வாசித்து, லூக்கா சுவிசேஷத்தை வாசித்து, கப்பல்களுக்கு ஒலிபரப்பினார் என்பார்கள். அவரே கால் நூற்றாண்டு கழித்துச் சொன்ன கதை அது. அந்த இரவில் அது நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போடுகிறார்கள். சண்டையில்லாத செய்தி 1921 ஜனவரி 2: பிட்ஸ்பர்க் கல்வாரி ஆலயத்தின் ஞாயிறு ஆராதனையைக் கேடிகேஏ நிலையம் நேரடியாக ஒலிபரப்பியது. சபையாரின் கவனம் சிதறக்கூடாதென்று ஒலிப் பொறியியலாளர்களுக்குப் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்கள்.

வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1924 ஜனவரி 15இல் பிபிசி ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் நாடகம். நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கணைந்து மூவர் சிக்கிக்கொள்ளும் கதை. பாத்திரங்களுக்கே கண் தெரியாத இடத்தைக் களமாக எடுத்தது எவ்வளவு கெட்டித்தனம்! கேட்பவர்களையும் வீட்டில் விளக்கை அணைக்கச் சொன்னார்களாம். மின்சாரம் வராத தோட்டங்களில் அந்த அறிவுரை தேவைப்பட்டிருக்காது.

ஆனால் எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்தது டொரதி சேயர்ஸின் கதை. துப்பறியும் நாவல்களுக்குப் பேர்போன அவர், பிபிசியின் சிறுவர் நேரத்துக்காக இயேசுவின் வாழ்க்கையைப் பன்னிரண்டு நாடகங்களாக எழுதினார். 1941 டிசம்பர் முதல் 1942 ஒக்டோபர் வரை, குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் அவை ஒலிபரப்பாயின. மேடையில் கிறிஸ்துவை நடிகர் நடிக்க அப்போது பிரித்தானியாவில் அனுமதி இல்லை. பார்வையாளர் இல்லாத ஒலிபரப்புக் கூடத்துக்கு அந்தத் தடை பொருந்தாது என்று ஒரு சந்து கிடைத்தது. ரொபர்ட் ஸ்பெயிட் என்ற நடிகர் கிறிஸ்துவாகப் பேசினார். ஓய்வுநாள் ஆசாரச் சங்கத்தார் கொதித்தெழுந்தார்கள், பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கோபத்துக்குப் பாதிக் காரணம் நடிகர், மீதிக் காரணம் மொழி. சேயர்ஸ் பழைய வேதாகம ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டு, ஆயக்காரன் மத்தேயுவை லண்டன் சந்தைப் பேச்சில் பேசவிட்டார்.

தமிழில் இந்தத் துணிச்சல் இன்னும் முழுதாக வரவில்லை என்றே சொல்வேன். நான் கேட்ட நாடகங்களில் மீனவர்கள் பேச்சுத் தமிழ் பேசுவார்கள், ஆண்டவர் வாய் திறந்ததும் அச்சடித்த வேதாகமத் தமிழுக்கு மாறிவிடுவார். ரேடியோவில் இந்த மாற்றம் மேடையைவிட உறுத்தும், முகமும் உடையும் இல்லாத இடத்தில் ஆளை அறிய மொழிநடை ஒன்றுதான் மிச்சம். தச்சர் வீட்டுப் பிள்ளை ஏன் மீனவரிடமும் மேடைப்பேச்சுப் பேசுகிறார் என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

அமெரிக்காவில் 1949இல் தொடங்கி இன்றும் ஓடும் 'யுவர் ஸ்டோரி அவர்' போன்ற குடும்ப நாடகங்கள் வேதக் கதைகளோடு வரலாற்று மனிதர்களின் கதைகளையும் சேர்த்துக்கொண்டன. காரணம் வெளிப்படை. வானொலியில் கடந்த காலம் மலிவு. ரோமாபுரிக்கும் ராகலைக்கும் ஒரே செலவு. நாடகத்தைக் காலத்துக்குள் இறக்குவது பெரும்பாலும் இசை. காட்சி மாறும்போது மேடையில் திரை விழும், வானொலியில் சில நொடி இசை. இதுவும் நம் ஆட்களுக்குப் புதிதில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகள் விடிய விடிய ஆடும்போது, ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய வரவுப் பாட்டோடுதான் களரிக்கு வரும். மெட்டைக் கேட்டதும் வருவது அரசனா மந்திரியா என்று தெரிந்துவிடும். மலையகத்தில் காமன் கூத்தின் தப்பு அடியும் அப்படித்தான், தூரத்திலிருந்தே அடியை வைத்து எந்தக் கட்டம் நடக்கிறதென்று சொல்லிவிடுவார்கள். வானொலி இதே வித்தையைச் சுருக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

இசையால் காலத்தைக் காட்டலாம் என்றால் இசையால் காலத்தைக் கெடுக்கவும் முடியும். ஓர் உதாரணத்துக்கு, இந்த மலைகளின் சொந்தக் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1854இல் தோட்டத் துரைமார் சிலரின் பண உதவியோடு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். இதை நாடகமாக்கினால் முதல் காட்சிக்கு என்ன ஒலி வேண்டும்? ரயில் கூவல் என்று கை தானாகவே எழுதும். கூடாது. ரயில் கண்டிக்கு வந்தது 1867இல், ஹட்டனை எட்டியது 1884இல். உபதேசியார், தொழிலாளரைப்போலவே, காட்டுப் பாதையில் நடந்து வந்தவர். தேயிலைப் பெக்டரியின் இரைச்சலும் கூடாது, அது கோப்பிக் காலம். தண்ணீரால் சுழலும் சக்கரம் கோப்பிப் பழத்தை நசுக்கித் தோல் உரிக்கும் சத்தம் வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சையும் தூக்கவேண்டியதுதான்.

பிறகு உபதேசியார் பாட வேண்டும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் அப்போது உயிரோடு இருக்கிறார், மறைந்தது 1864இல். ஆகவே அவருடைய கீர்த்தனைகள் பொருத்தம். பக்கவாத்தியமாக ஆர்மோனியம் வைக்காத ஞாயிறு பாடசாலை நாடகம் நான் பார்த்ததில்லை. ஆனால் ஆர்மோனியத்துக்குப் பாரிஸில் அலெக்சாந்தர் தெபாங் காப்புரிமை பெற்றது 1842இல், அதுவும் காலால் மிதிக்கும் பெரிய பெட்டி. தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறுகையால் வாசிக்கும் நம்முடைய ஆர்மோனியத்தைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அமைத்தது 1875இல் என்பார்கள். காட்டுவழி நடந்து வந்தவர் மிதிபெட்டியைத் தூக்கி வந்திருக்க மாட்டார். தாளம் போதும், அல்லது வெறும் கைத்தட்டு. உடையில் தவறு நடந்தால் கண்ணுள்ளவர் எல்லோரும் கண்டுபிடிப்பார்கள், ஒலியில் தவறு நடந்தால் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் அது திரும்பத் திரும்ப நடக்கிறது.

இப்போது சிற்றலைகள் ஓய்ந்து வருகின்றன. மணிலாவிலிருந்து தமிழிலும் ஒலிபரப்பிய கத்தோலிக்க ரேடியோ வேரித்தாஸ் 2018 நடுவில் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. நாடகங்கள் வாட்ஸப்பில் வருகின்றன. அலை தேய்வதில்லை, மின்னல் வெட்டுவதில்லை. ஆனாலும் முழு ஒலி வருகிறதென்று நினைக்கவேண்டாம். ஒலிக்கோப்பைச் சுருக்கும் மென்பொருள், பலத்த ஒலியின் நிழலில் காதுக்கு எட்டாமல் போகும் மெல்லிய ஒலிகளை முன்கூட்டியே கணக்கிட்டு வீசிவிடுகிறது. முன்பு மழை செய்த வேலையை இப்போது மென்பொருள் நாசூக்காகச் செய்கிறது. கைபேசியின் ஒலிபெருக்கியோ மூன்று அங்குலம்கூட இல்லை. கடவுளின் அடிநாதத்தை மூளை இப்போதும் தன் கைக்காசைப் போட்டுத்தான் வாங்குகிறது.

ஒலிப்பதிவுக்குக் கூடம் தேவையில்லை என்பது மட்டும் பெரிய மாற்றம். வட்டவளையில் நாலு பிள்ளைகள் ஒரு கைபேசியோடு இருந்தால் 1854ஐப் பதிவுசெய்யலாம். கட்டிலைச் சுற்றிக் கம்பளியைக் கட்டினால் வெட்டவெளி. நடைக்குச் சருகை மிதிக்கலாம், ஆனால் காய்ந்த சருகாக இருக்கவேண்டும். நனைந்த சருகு சத்தமே போடாது, இந்த ஊரில் காய்ந்த சருகு தேடுவது தனி வேலை. அட்டைப் பூச்சிக்கு ஒலி கிடையாது, கடிபட்டவர்தான் கத்த வேண்டும். மழைக்காகக் காத்திருக்க வேண்டாம், தகரத்தில் விழும் நிஜ மழை ஒலிவாங்கியில் வெறும் இரைச்சலாகத்தான் பதியும், பயறே நல்லது. எதற்கும் ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது புத்திசாலித்தனம். உபதேசியார் ஜெபம் பண்ணும் நேரத்தில் பதுளைக்குப் போகும் ரயில் வளைவில் கூவினால், எந்த மென்பொருளாலும் அதை 1854இலிருந்து சுத்தமாக எடுக்க முடியாது.